மிளகாய்ப் பை

எங்கள் சோமனூர்த் தெருவின் துப்பறியும் நிபுணர் ஆறாம் வகுப்புப் படித்தாள். மூக்கில் வழுக்கும் கண்ணாடியை ஏற்றிவிடாமல், தலையைப் பின்னால் சாய்த்துத்தான் யாரையும் பார்ப்பாள். தப்பே செய்யாதவனும் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வான். உதவிக்கு இரண்டு தோழிகள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சர்ச்சில் வைத்த இயேசு பிறப்புக் குடிலில் மூன்று ராஜா சிலைகளில் ஒருவர் காணாமல் போனார். பழி சர்ச் வாட்ச்மேன் மேல் விழுந்தது. சிலை கிடைக்காவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அன்றே மூவரும் ஒரு துணிப்பையோடு வீடு வீடாக ஏறினார்கள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை ஆனைமலைக்குப் போறமுங்க. திருடுனவங்களுக்கு மாசாணியம்மன்கிட்ட மொளகா அரைக்கோணும். உங்கூட்டுலயும் ஏதாச்சும் காணமுங்களா?"

அங்கே மிளகாய் அரைத்தால் திருடியவன் உடம்பெல்லாம் எரியும் என்பார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு.

மறுநாள் விடிந்தபோது ராஜா குடிலில் நின்றார். அவர் காலடியில் ஒரு குடை, பால் வாங்கும் தூக்குப்போசி இரண்டு, யார் வீட்டுக் குக்கர் மூடியோ ஒன்று. வாட்ச்மேன் வேலை தப்பியது.

"ராஜாவ எடுத்தது யாரு அம்மணி?" என்று நிபுணரிடம் கேட்டேன்.

"தெரியுமுங்ண்ணா. சொல்லிப்போட்டா அந்தூட்டுல கேக்கு தர மாட்டாங்க."

"மொளகாயவாச்சும் காட்டு."

பையைத் திறந்தாள். உள்ளே முழுக்கத் தறிக்கூடத்துக் கழிவுப் பஞ்சு.

"அம்மா மொளகா தரலீங்ண்ணா."

கிறிஸ்துமஸ் அன்று எந்த வீட்டில் அவளை அதிகமாகக் கவனிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். தெருவில் எல்லா வீட்டிலும் மற்றவர்களுக்கு ஒரு துண்டு கேக், அவளுக்கு மட்டும் இரண்டு கொடுத்தார்கள்.