வெல்வெட் உறைக்குள் இரண்டு ஸ்பீக்கர்கள்

1950களின் பிற்பகுதியில் நான் திருவள்ளூரில் குடியிருந்து, சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன். ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். வெளியூர் நிருபர்கள் ட்ரங்க் காலில் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வது என் பொறுப்பு. அதற்குப் பேனாவைவிடக் காது முக்கியம்.

ஒரு வருஷம் பொங்கலுக்குப் பிறகு வீட்டு ரேடியோவில் செய்தி மங்கலாகக் கேட்க ஆரம்பித்தது. குரல் வந்தது, சொற்களின் ஓரங்கள் வரவில்லை. எழுத்துகளைப் பஞ்சில் சுற்றி அனுப்பியது போலிருந்தது. டெலிபோனை வைத்துக் காதைச் சோதிக்க முடியாது. ட்ரங்க் லைன் என்றைக்குமே கரகரப்புதான். எல்லோருமே இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதுவோம். என் தகப்பனாருக்கு நாற்பது வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. நானும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். காது போனால் வேலையும் போகும். வீட்டில், "ஸ்பீக்கர் பழசாயிடுச்சு, நல்லதா ஒண்ணு மாத்தணும்" என்று மட்டும் சொன்னேன்.

கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பழவேற்காட்டுக்காரரிடம் இரண்டு உயர்தர ஸ்பீக்கர்கள் இருந்தன. ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். ஒன்று பன்னிரண்டு அங்குலம், தேக்குப் பெட்டி, அவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மற்றது பம்பாயில் வாங்கிய எட்டு அங்குலம். ஒன்றை விற்றுவிட நினைத்தார்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்து ரெண்டையும் கேளுங்க சார். எது புடிக்குதோ தூக்கிக்கினு போங்க" என்றார்.

போனேன். ஒரே ரேடியோ, இரண்டு பெட்டிகள், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற ஒரு சுவிட்ச். இரண்டு பெட்டிகளுக்கும் தடித்த பச்சை வெல்வெட் உறை. முன்பக்கம் ஜரிகையில் கொடியும் பூவும். பாயின் மகள் கைவேலை. அப்போதெல்லாம் ரேடியோ வந்த வீட்டில் உடனே அதற்கு ஓர் உறையும் தைத்துவிடுவார்கள். விருந்தாளி வரும் நாளில் அதைக் கழற்ற மாட்டார்கள்; துவைத்து மாட்டுவார்கள்.

முதலில் நாதஸ்வரம். பாய் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். நான் செய்திக்காகக் காத்திருந்தேன். செய்தி வந்தது. சின்னதில் மங்கல். பாய் சுவிட்சைத் தட்டினார். பெரியதில் சத்தம் கூடியது, மங்கலும் கூடியது.

"இன்னா சார், பக்கத்துல ஒக்காந்து பேசுறா மாதிரி இல்ல?"

தலையாட்டினேன். ப்ரூஃப் திருத்தும் வேலைக்கு மாற்றிக் கேட்கலாமா, கேட்டால் கொடுப்பார்களா என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவி குரல் கொடுத்தார்.

"ஏங்க, அந்தத் துணிய எடுத்துட்டுப் போடுங்க. கம்பளி போத்திக்கினு பேசுறா மாதிரி இருக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அவருக்கும் விளங்கவில்லை! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"புள்ள தெச்சது. வந்தவங்க எதிர்ல உருவிப் போடறதா?" என்றார் பாய்.

"அவரு பூ பாக்க வந்தாரா, ஸ்பீக்கர் கேக்க வந்தாரா?"

பாய் மனசில்லாமல் உறைகளைக் கழற்றினார். செய்தி வாசிப்பவரின் குரல் துலங்கியது. எழுத்தெழுத்தாக வந்து விழுந்தது. வாக்கியத்தின் முடிவில் அவர் மூச்சிழுப்பதும் தாளைப் புரட்டுவதும்கூடக் கேட்டன. பொங்கலுக்கு என் மனைவி, மீந்துபோன திரைச்சீலைத் துணியை இரண்டாக மடித்து எங்கள் ரேடியோவுக்குப் புது உறை தைத்திருந்தாள்.

"எத எடுத்துக்குறீங்க?"

"ரெண்டும் நல்லா கேக்குது பாய்."

"இது இன்னா பேஜாரு! எவ்ளோ நேரமா சுவிட்ச தட்டிக்கினு இருக்கேன், ரெண்டும்னா எப்டி?"

உண்மையில் நான் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் உறையைச் சுருட்டி மேலே விட்டு ரேடியோவைப் போட்டேன். பழைய ஸ்பீக்கரே தெளிவாகப் பேசியது. அப்போதுதான் மனைவியிடம் என் பயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்சமும் பரிதாபப்படவில்லை.

"காது போச்சுன்னா நெனச்சிக்கினு இருந்தீங்க? போன வாரம் அடுப்பாண்ட நின்னுக்கினு உங்க அக்காவப் பத்தி வாய்க்குள்ளயே ஒரு வார்த்த சொன்னேன். வாசல்லேர்ந்து ஓடியாந்து சண்ட போட்டீங்களே, அது எந்தக் காதுல கேட்டுச்சாம்?"

அக்காவைப் பற்றி அவள் சொன்னதில் தப்பில்லை என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன்.