ஆவாரந்தேசத்துக் கப்பற்படை

எனக்கு வாய் ஜாஸ்தி. பெருமைக்காகச் சொல்லவில்லை, பிறந்த வீட்டில் எல்லோரும் சொன்னதைத்தான் சொல்கிறேன். பதினேழு வயதில் நாட்றம்பள்ளியிலிருந்து ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வண்டி ஏறும்போது, அம்மா அழுகைக்கு நடுவிலும் என் காதோரம் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று. "மாமனார் எதிர்ல போய் நிக்காத. பேச்சுக் குடுக்காத. அந்த வாய கொஞ்சம் மூடி வச்சிக்க."

மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் கிடையாது. அவர் வாசலில் செருமினால் நான் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். அதை மரியாதை என்றார்கள். பேச்சில் ஆசை இல்லாதவளுக்கு அது மரியாதையாக இருந்திருக்கலாம். எனக்கு வாயில் துணி அடைத்தது போலத்தான் இருந்தது.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமனாருக்குத் தோல் ஷாப்பில் வேலை. ஊறிய தோலைப் பலகைமேல் போட்டு வளைந்த கத்தியால் சதை சீவுவார். அடுத்து என் வீட்டுக்காரர். அவருக்கு ஏழு வயதில் ஒரு தங்கை, எல்லோருக்கும் அவள் பாப்பா. அந்தப் பாப்பாதான் எங்களுக்கு நடுவில் தூது.

"பாப்பா, குளிக்க வெந்நி ஆச்சான்னு உங்கண்ணிகிட்ட கேளு" என்பார் அவர் வாசலிலிருந்து, எனக்குக் காது கேட்காதது போல.

"ஆய்டுச்சின்னு உங்கப்பாகிட்ட சொல்லு பாப்பா" என்பேன் நான் உள்ளேயிருந்து.

அவள் நடுவில் நின்று பாதி நேரம் வாயே திறக்க மாட்டாள். அவளுக்கு அது வேடிக்கை. அவள் விளையாடப் போயிருந்தால் கட்டிப்போட்ட ஆட்டிடம் பேசினோம். "ஆடே, களி ஆறுது" என்று நான் சொன்னால் ஆடு சும்மா நிற்கும், மாமனார் எழுந்து போய்க் கை கழுவுவார்.

கல்யாணமான ஏழாம் மாதம் என் வீட்டுக்காரர் கப்பலில் கரி போடும் வேலைக்குக் கிளம்பினார். ஒரு வருஷமாவது தோல் வாடை இல்லாத காற்றைக் குடித்துவிட்டு வருகிறேன் என்றார். கடலைப் பார்க்கிற ஆசைதான், எனக்குத் தெரியும். தடுத்திருந்தால் நின்றிருப்பார். நான் தடுக்கவில்லை. மாதம் ஒரு கடுதாசி போடுவதாகச் சொல்லிப் போனவர் நான்கு மாதம் சொன்னபடி போட்டார்.

நான் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அவர் போனபின் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடுதாசி வந்தால் பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுக்குப் படிப்பது போல உரக்கப் படிப்பேன். வாசலில் மாமனார் கத்தி தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். முடிந்ததும் மறுபடி தீட்டுவார். அந்தச் சத்தம் வந்தால் எல்லாம் கேட்டாகிவிட்டது என்று அர்த்தம்.

ஐந்தாம் மாதம் ஜெர்மன்காரன் சண்டை வந்தது. கடுதாசி நின்றுபோயிற்று.

ஒருநாள் சந்தைக்குப் போன பாப்பா, கப்பல்களைத் தண்ணீருக்கு அடியிலிருந்தே சுடுகிறார்களாம் என்று யாரோ பேசியதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். சோற்றைத் தொடவில்லை. "அப்பா, எங்கண்ணன் கப்பலையும் சுட்ருவானா?" என்றாள். கதவுக்குப் பின்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நானும் இத்தனை நாள் தவித்துக்கொண்டிருந்தேன், கேட்க ஆள் இல்லாமல்.

மாமனார் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அப்புறம், "வெள்ளக்காரன் கப்பலத்தான் சுடுவான். உங்கண்ணன் அதுல இல்ல" என்றார்.

"பின்ன எதுல?"

"அவன் ஆவாரந்தேசத்துக் கப்பல்ல இருக்கறான்."

அப்படி ஒரு தேசம் பூமியில் இல்லை. தோல் பதனிட ஷாப்புக்கு மூட்டை மூட்டையாக ஆவாரம்பட்டை வரும். வாய்க்கு வந்தது அதுதான் போலிருக்கிறது. ஆனால் பாப்பா விடுகிறவளா. எத்தனை கப்பல், யார் ராஜா, கடல் எவ்வளவு பெரிசு என்று பிடித்துக்கொண்டாள். பாவம், அவர் கடலைப் பார்த்ததே இல்லை. அவர் கண்ட பெரிய தண்ணீர் காவேரிப்பாக்கம் ஏரிதான். "கடல்னா இன்னா, காவேரிப்பாக்கம் ஏரி நூறு சேந்தா கடல்" என்று சொல்லி, அதற்குள் ஒரு கப்பற்படையை இறக்கினார். மொத்தம் ஏழு கப்பல். பீரங்கி ஒன்றுகூடக் கிடையாது. எந்தக் கப்பலும் தனியாகப் போகக்கூடாது, ஜோடியாகத்தான் போகவேண்டும், அது ராஜா உத்தரவு.

"சண்டைக்கு வந்தாங்கன்னா?"

"காத்தடிக்கற பக்கம் பாத்து மொளகாத்தூள தூவிட்டுப் போய்னே இருப்பாங்க."

பாப்பா சிரித்தாள். எனக்கோ வாய் ஊறியது. எத்தனை நாள்தான் அடக்குவது. "ஏழு கப்பல் ஜோடி ஜோடியா போனா ஒண்ணு தனியா நிக்குமே, அது இன்னா பண்ணும்னு கேளு பாப்பா" என்றேன்.

தப்பாகப் பேசிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவர் குரல் வந்தது. "உங்கண்ணி சொல்றதும் நாயந்தான். எட்டாவது ஒண்ணு செஞ்சிரலாம்னு சொல்லு. ஊட்ல கொட்டாங்கச்சி இருந்தா குடுக்கச் சொல்லு."

அப்படித்தான் கப்பல் கட்ட ஆரம்பித்தோம். ஷாப்பில் தோலிலிருந்து வெட்டி எறியும் காதோரத் துண்டுகளை அவர் துண்டில் முடிந்து கொண்டுவருவார். ஈரத்தோலைக் கொட்டாங்கச்சிமேல் இழுத்துக் கட்டி மூன்று நாள் வெயிலில் வைத்தால் அதே வடிவத்தில் விறைத்துக்கொள்ளும். துடைப்பக்குச்சி பாய்மரம். மஞ்சளில் நனைத்த துணி கொடி. ஆடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி கடல். முதல் கப்பலை விட்டபோது தோல் ஊறி, கனத்து, மெள்ளச் சாய்ந்து முழுகிவிட்டது. பாப்பா வீறிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் அவர் புங்கெண்ணெயில் மெழுகைக் காய்ச்சி எல்லாக் கப்பலுக்கும் தடவினார். அப்புறம் ஒன்றும் முழுகவில்லை.

பிறகு பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. எட்டுக் கப்பலுக்கும் சமைப்பது யார் என்று நான் கேட்பேன். ஒரு கப்பலையே அடுப்பாக்கிவிட்டேன் என்பார். அதில் உப்பு கம்மியாம், மாலுமிகள் முணுமுணுக்கிறார்களாம் என்று அவர் சொன்னால், அது அன்றைக்கு நான் வைத்த குழம்புக்கு. "உப்பு வேணும்னா கடல்லயே இருக்குது, அள்ளிப் போட்டுக்கச் சொல்லு பாப்பா" என்பேன் நான். வாசலில் அவர் சிரிப்பை அடக்கி இருமுவது கேட்கும். அந்த மனுஷரை நான் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை, முகம் சரியாகத் தெரியாது. ஆனாலும் பெற்ற அப்பாவிடம் இல்லாத ஒட்டுதல் அவரிடம் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் ஒரே ஆளை நினைத்துத்தான் அத்தனையும் பேசினோம்.

கடுதாசி மட்டும் வரவில்லை. பாப்பா காய்ச்சலில் படுத்து, அண்ணன் கடுதாசி எங்கே என்று அனத்த ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பழைய கடுதாசி ஒன்றைக் கையில் எடுத்துப் பிரித்து, இன்றைக்கு வந்தது என்று சொல்லி, மனதில் தோன்றியதைப் படித்தேன். ஆவாரந்தேசத்துத் துறைமுகத்தில் நல்ல மழை, சோறும் பருப்பும் வயிறாரப் போடுகிறார்கள், கவலை வேண்டாம் என்றெல்லாம். வாசலில் கத்தி தீட்டும் சத்தம் நின்றது. வெகுநேரம் திரும்பத் தொடங்கவில்லை.

"பாப்பா, இன்னொருவாட்டி படிக்கச் சொல்லு" என்றார்.

மறுபடி படித்தேன். இல்லாத எழுத்தை எப்படி மறுபடி படிப்பது. சோறும் மீனும் போடுகிறார்கள் என்று வாய் போய்விட்டது. காய்ச்சலிலும் அந்தக் குட்டிப் பிசாசு விடவில்லை. "அண்ணி, மின்ன பருப்புன்னியே?"

நான் திருதிருவென்று விழித்தேன். வாசலிலிருந்து அவர்தான் சொன்னார். "ரெண்டுந்தான் துன்னுருப்பான், உடு பாப்பா." பிறகு கத்தி தீட்டினார்.

தபால்காரர் ஷாப்பு வாசலைத் தாண்டித்தான் எங்கள் தெருவுக்கு வரவேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்களுக்குக் கடுதாசி இல்லை என்பது மாமனாருக்கு ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னாலேயே தெரியும். அந்த மாதிரி மூன்று கடுதாசி படித்தேன். மூன்றையும் தெரிந்தே கேட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஷாப்பு லீவு, உச்சி வெயில். மாமனார் வாசல் பந்தலில் உட்கார்ந்து ஒன்பதாவது கப்பலுக்குத் தோல் நறுக்கிக்கொண்டிருந்தார். தபால்காரர் வந்து அவர் கையிலேயே ஒரு கடுதாசியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாப்பாவிடம் தந்தார். பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அண்ணன் போடும் குண்டு குண்டு எழுத்து அவளுக்கு அடையாளம் தெரியும். "இது எங்கண்ணன் எழுத்து இல்ல" என்று சொல்லிக்கொண்டே என்னிடம் நீட்டினாள்.

வழக்கம் போல உரக்கப் படிக்காமல் முதலில் மனதுக்குள் படித்தேன். படித்து முடித்ததும் அடக்க முடியாமல் வாய்விட்டு அழுதுவிட்டேன். அது நான் செய்த தப்பு. அந்த அழுகை வாசலுக்குக் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தேன். என் வீட்டுக்காரரோடு கப்பலில் வேலை செய்கிறவர் எழுதியது. இவர்கள் இருந்த கப்பலை ஜெர்மன்காரன் சுட்டுவிட்டான். அது முழுகிப்போயிற்று. கூடவே வந்த இன்னொரு கப்பல் இவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டது. வலது கை வெந்து கட்டுப் போட்டிருக்கிறது, எழுத முடியாததால் இவர் சொல்ல நான் எழுதுகிறேன் என்று அந்த ஆள் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் நன்றாகச் சாப்பிடுகிறார். மழைக்கு முன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

வாசலில் அவர் கத்தியைக் கீழே வைப்பது கேட்டது.

"கூடவே வந்த கப்பலா" என்றார் மெதுவாக. "பாப்பா, உங்கண்ணிகிட்ட சொல்லு. மின்ன படிச்ச மூணும் வரவே இல்லன்னு எனக்குத் தெரியும். எங்களுக்காகத்தான் அவ்ளோ பேஜார் பட்டா. போதும். இது நெஜமா வந்தது, நானே கையால வாங்கினேன். இதுல இன்னா இருக்குதோ அத படிக்கச் சொல்லு. நான் தாங்கிக்கறேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நெஜம் எங்கள் கதை மாதிரியே இருந்தது. ஜோடிக் கப்பல் வந்து மகனைத் தூக்கியது என்றால் அந்த மனுஷர் எப்படி நம்புவார்? செத்துப்போன மகனை நான் கப்பல் விட்டுக் காப்பாற்றுவதாக நினைத்துவிட்டார்.

"இதுதான் எழுதியிருக்குது, நெஜமா இதுதான்னு சொல்லு பாப்பா" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"அப்பா, நெஜமாமே."

"அவ அப்பிடித்தாம்மா சொல்லுவா" என்றார். வெளியே தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார் என்பது கதவிடுக்கில் தெரிந்தது. உயிரோடு இருக்கிற மகனுக்கு அங்கே ஒரு அப்பா அழுதுகொண்டிருந்தார். கையில் கடுதாசியை வைத்துக்கொண்டு நான் இங்கே நிற்கிறேன். அத்தனை பொய்யையும் பாப்பா வழியாகத்தான் அனுப்பியிருந்தேன். நெஜமும் அதே வழியில் போனால் பொய்யாகத்தான் போய்ச் சேரும்.

அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வந்தால் வரட்டும் என்று வாசற்படியைத் தாண்டினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் எதிரில் போய் நின்று, கழுத்திலிருந்த தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் முறையாக அவரிடம் பேசினேன்.

"மாமா. உசுரோட இருக்காரு. இந்தத் தாலி மேல சத்தியம்."

துண்டு இறங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் நானும் அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு வயதானால் இப்படித்தான் இருப்பார் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. என் கையை, தாலியை, கடைசியில் கீழே என் காலைப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாப்பா, உங்கண்ணி வெறுங்கால்ல வெயில்ல நிக்கறா. உள்ள போவச் சொல்லு."

நான் உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த பதினோரு வருஷத்தில், மகன் வந்து சேர்ந்த நாளில்கூட, நாங்கள் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கொஞ்சநேரம் கழித்து வாசலிலிருந்து குரல் வந்தது.

"பாப்பா, அத இன்னொருவாட்டி படிக்கச் சொல்லு."

படித்தேன். சுட்டது, முழுகியது, கூட வந்த கப்பல், வெந்த கை, ஆஸ்பத்திரி, மழைக்கு முன்னால். பாப்பா கன்னத்தில் கைவைத்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள், "இந்தவாட்டி அண்ணி ஒண்ணுகூட மாத்தல."