மூன்றாவது எட்டு

எங்கள் வீட்டில் அப்பா பெரும்பாலும் ஒரு சத்தமாகத்தான் இருந்தார். நான் படுத்த பிறகு கதவில் சாவி திரும்புகிற சத்தம். விடிய நான் எழும்பினால் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டைச் சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதுவும் இருக்காது. கட்டில் வெறுமையாகக் கிடக்கும், தலையணையில் வெங்காயமும் சவர்க்காரமும் கலந்த ஒரு மணம் மட்டும் நிற்கும். கிழமையில் ஒரு நாள் அவருடைய ரெஸ்ரோறன்ற் பூட்டு. அன்றைக்கு வேறோர் இடத்தில் துப்பரவு வேலை.

நாங்கள் இருந்தது பாரிசுக்கு வெளியே, வில்லியே லே பெல்லில். அப்பாவின் வேலை பாரிசுக்குள், பிளாஸ் து கிளிஷிக்குப் பக்கத்தில். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வேலை, இராச் சாப்பாட்டுக்கு மறுபடி ஒரு வேலை. நடுவில் பின்னேரம் கொஞ்ச நேரம் வெளியே விடுவார்கள். அதற்குக் கூப்யூர் என்று பெயர். அந்த இடைவெளிக்குள் ட்ரெயினும் பஸ்ஸும் பிடித்து வீட்டுக்கு வந்தால், சப்பாத்தைக் கழற்றிவிட்டு உடனே திரும்ப மாட்டவேண்டியதுதான். ஆகவே அப்பா பாரிசுக்குள்ளேயே, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்குப் போய்விடுவார். அங்கே அவர் என்ன செய்கிறார், எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு லா ஷப்பலின் மேல் பொறாமை இருந்தது. அப்பாவைப் பகல் வெளிச்சத்தில் வைத்திருந்தது அதுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏப்ரல் மாதக் கடைசியில் எங்கள் மேத்ரெஸ், மே முதலாம் திகதி ஏன் லீவு என்று ஒரு பாடம் எடுத்தார். அமெரிக்காவில் சிக்காகோ என்றொரு நகரமாம். ஏரிக்கரையில் முதலாளிமாரின் மாளிகைகள். ரயில் பாதையும் இறைச்சி ஆலையும் அவர்களுடையவை. நகரத்தின் மற்றப் பக்கத்தில் ஓர் அறைக்குள் இரண்டு மூன்று குடும்பங்கள். விடியமுன் போய், பொழுதுபட்ட பிறகு திரும்பி, பிள்ளைகளை நித்திரையில் மட்டும் பார்த்த தகப்பன்மார். அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் எங்கள் வீட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தோன்றியது.

மேத்ரெஸ் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறி மூன்றாகப் பிரித்தார். எட்டு மணித்தியாலம் வேலை, அது சிவப்பு. எட்டு மணித்தியாலம் நித்திரை, அது நீலம். மிச்ச எட்டும் மஞ்சள். அது உங்களுக்கு, உங்கள் வீட்டுக்கு, நீங்கள் விரும்பினதற்கு. இதைத்தான் அந்த மனிதர்கள் கேட்டார்களாம். கேட்டதற்குப் பொலிஸ் சுட்டது, யாரோ குண்டெறிந்தார்கள், பிறகு சிலரைத் தூக்கிலும் போட்டார்கள். ஆனால் கடைசியில் அவர்கள் கேட்டது கிடைத்தது என்று சொல்லி மேத்ரெஸ் கையில் இருந்த தூசியைத் தட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

“அப்பான்ர மூண்டாவது எட்டு எங்கையம்மா?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. விளங்கப்படுத்தினேன். அம்மா தலை நிமிராமல் சொன்னா: “கொப்பற்ற மூண்டாவது எட்டோ? அது ட்ரெயினுக்கையும் பஸ்ஸுக்கையும் கிடக்குது. தேடிப் பார்.”

ஆனால் மே முதலாம் திகதி அப்பாவுக்கும் லீவு என்று தெரியவந்தது. சிக்காகோக்காரர் வாங்கித் தந்த லீவு என்று நான் துள்ளினேன். அம்மா அதையும் விடவில்லை. “அண்டைக்குத் திறந்தா இரட்டைச் சம்பளம் குடுக்கவேணும். அந்த ரெஸ்ரோறன்ற் பத்ரோன் குடுத்திட்டாலும்! அதுதான் பூட்டுறான்.” எப்படியோ எனக்கு ஒரு மஞ்சள் நாள் கிடைத்தது. அப்பா என்னை லா ஷப்பலுக்குக் கூட்டிப்போவார். பிறகு ஊர்வலம் பார்க்கப் போவோம். எட்டு மணித்தியாலத்தை வென்றவர்கள் வருவார்கள், அவர்களுக்குக் கை காட்டவேண்டும் என்று நினைத்திருந்தேன். முதல்நாள் இரவு எனக்கு நித்திரை இல்லை. மழை வந்தால், ட்ரெயின் ஓடாவிட்டால், அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் என்று ஒவ்வொன்றாகப் பயந்து முடித்தேன். என் சுபாவம் அப்போதே அப்படித்தான்.

நான் பயந்த ஒன்றும் நடக்கவில்லை. வெயில் எறித்தது. ட்ரெயினில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டு அடையாளம் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். ரூ பஜோல் கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்டோம். கடையில் சுடச்சுட ரோல்ஸ் வாங்கித் தந்தார். எல்லாக் கடையும் திறந்துதான் இருந்தது. தெரு மூலைகளில் முகே பூ விற்றார்கள். பச்சை இலைக்குள் சின்னச் சின்ன வெள்ளை மணிகளாகத் தொங்கும், மே முதலாம் திகதியில் ஆளுக்கு ஆள் கொடுக்கிற பூ.

“ஊர்வலத்துக்கு நேரம் கிடக்கு பிள்ளை. சலூன்கார அண்ணையைப் பாத்து ஒரு சுகம் கேட்டிட்டுப் போவம்,” என்று ஒரு சலூனுக்குள் கூட்டிப்போனார்.

உள்ளே போனதும் நான் அப்பாவின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வரிசையாக நாலைந்து கதிரைகள். பின்பக்கம் இருந்த இரண்டில் ஆட்கள் சாய்ந்து கிடந்தார்கள், கழுத்திலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. யாரும் அவர்களுக்கு முடி வெட்டவில்லை, சவரம் செய்யவுமில்லை. நித்திரை. ரெஸ்ரோறன்றுகளில் வேலை செய்கிறவர்கள் கூப்யூர் நேரத்தில் கண்ணயர வருகிற இடம் அது. தெருவால் போகிறவர்களுக்குச் சவரத்துக்கு இருக்கிறார்கள் என்று தோன்றட்டும் என்று சலூன்கார மாமா துணியைப் போர்த்திவிடுவாராம்.

“இது ஆர், மகளோ? கொப்பர் மாதிரி இல்லை, முழிச்சிருக்கிறாய்,” என்றார் மாமா.

அப்பா சிரித்துக்கொண்டே தன்னுடைய கதிரையில் இருந்தார். தன்னுடையது என்று நானாகச் சொல்லவில்லை. மாமாவே அதைத் தட்டி, “உம்மட இடம் காலியாத்தான் கிடக்கு,” என்றார். அப்பா ரெலிபோனைக் கண்ணாடிக்குக் கீழே சார்ஜில் போட்டார். “அஞ்சு நிமிசம் பிள்ளை,” என்றார். வாய் மூடமுன் கண் மூடிவிட்டது. மாமா பழக்கதோசத்தில் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டார்.

நான் எழுப்பவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தேன். வெள்ளைத் துணிக்குள் அப்பா அசையவே இல்லை. பயம் பிடித்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். சூடாகக் காற்று வந்தது. கொஞ்சம் கழித்துத் திரும்பவும் வைத்தேன். இன்றைக்கும் வீட்டில் யார் கண்ணயர்ந்தாலும் எனக்கு அதைச் செய்யாமல் இருக்கமுடியாது.

“எழுப்பன் பிள்ளை, ஊர்வலம் போயிடும்,” என்றார் மாமா.

“வேண்டாம். அப்பாக்கு நீலமும் குறைவு,” என்றேன். அவர் திகைத்துப் பார்த்தார். சிக்காகோக் கதையை முழுவதும் சொன்னேன், பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும். முடி வெட்டுவித்துக்கொண்டிருந்த ஓர் ஆள் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்.

“சிக்காகோவோ? அங்கை என்ர மச்சான் பெற்றோல் ஷெட்டிலை நிக்கிறான். பதினாலு மணித்தியாலம்! எட்டெண்டு கேட்டால் அவன் கடிகாரம் பழுதோ எண்டு கேப்பான்.”

சலூன் முழுக்கச் சிரித்தது. நித்திரையில் கிடந்தவர்களிலும் ஒருவர், “ஆர் சிக்காகோ?” என்று கண் திறவாமல் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. மேத்ரெஸ் பொய் சொல்லமாட்டா.

வெயில் கண்ணாடிக் கதவில் சாய்ந்தது. ஊர்வலம் எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடிந்திருக்கவேண்டும். நான் ரோல்ஸின் மிச்சத்தைக் கடதாசியில் சுற்றி அப்பாவுக்கு என்று வைத்திருந்தேன். அவர் எழும்பினால் இன்னும் எங்கே போகலாம் என்று மனதுக்குள் அந்த நாளைத் திரும்பத் திரும்பச் சுருக்கிக்கொண்டிருந்தேன். ஊர்வலம் இல்லாவிட்டால் கால்வாய்க்கரை. அதுவும் இல்லாவிட்டால் இந்தத் தெருவில் ஒரு நடை. அப்போது பின்பக்கக் கதிரைகள் இரண்டும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. நித்திரையில் கிடந்தவர்கள் துணியை உதறிக்கொண்டு எழும்பினார்கள். இராச் சாப்பாட்டு வேலைக்கு நேரம். அவர்களுடைய ரெஸ்ரோறன்றுகளுக்கு லீவு இல்லை.

அப்பாவும் எழும்பினார். எழும்பினார் என்று சொல்வதைவிட, யாரோ அவரைத் தூக்கி நிறுத்தியது போல இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை. ஜாக்கெட்டை இழுத்து மாட்டினார். என்னைத் தாண்டி, கதவைத் தள்ளி, மற்ற இருவரோடும் மெத்ரோப் பக்கமாக ஓடினார். நான் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு “பப்பா!” என்று கத்திக்கொண்டு கதவுக்கு ஓடினேன். தெருச் சனம் அவரை விழுங்கிவிட்டது. மாமா பின்னால் வந்து என் தொப்பிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“அட, இந்தாளுக்கு இண்டைக்கு லீவெல்லோ!” என்று தொடைதட்டிச் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். ரெலிபோனை எடுத்து அழுத்தினார். அப்பாவின் ரெலிபோன் கண்ணாடிக்குக் கீழே கிடந்து பாடியது.

நான் அழுதேன். என்னை மறந்துவிட்டார் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. தெருவில் ஊர்வலம், பொலிஸ், மேத்ரெஸ் சொன்ன கதை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

“அப்பாவைத் தூக்கிலை போடுவினமோ?”

“என்னத்துக்குப் பிள்ளை? கோப்பை கழுவினதுக்கு ஆரும் தூக்கிலை போடான். அங்கை போய்ப் பூட்டின கதவைப் பாத்திட்டு ஓடி வருவார், பார்.” மாமா என்னை அப்பாவின் கதிரையில் ஏற்றி இருத்தினார். அது இன்னும் சூடாக இருந்தது. கால் மிதியை அழுத்தி என்னை மேலே உயர்த்தினார், கீழே இறக்கினார். நான் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா நின்றார். நெஞ்சு ஏறி இறங்க, கையில் ஒரு முகேப் பூவோடு. உள்ளே வரவில்லை. நான் கை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், ஆனால் அசையவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். என்ன பிழை செய்தேன் என்று தேடத் தொடங்கினேன். மாமா கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே போய், அப்பாவின் தோளில் கைவைத்து ஏதோ சொன்னார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, நேரே பேசினுக்குப் போய், அதிக நேரம் முகம் கழுவினார். ஓடி வந்தவருக்கு வேர்த்திருக்கும்தானே.

“பயந்திட்டியோ குஞ்சு?”

“இல்லை,” என்றேன். பூவைத் தந்தார். நான் ரோல்ஸைத் தந்தேன். ஆறிப்போனதை நின்றபடியே முழுவதும் சாப்பிட்டார்.

திரும்பி வரும் ட்ரெயினில் மே மாதத்து வெயில் இன்னும் போகவில்லை. ஆசனங்களெல்லாம் மஞ்சளாக இருந்தன. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மாட்டைச் சொல்லவேண்டாம் என்ன,” என்றார்.

“ஓம்.” பிறகு கேட்டேன்: “அப்பா, அந்தச் சிக்காகோ ஆக்கள் வெண்டவையோ?”

“ரீச்சர் சொன்னால் வெண்டிருப்பினம்.”

“அப்ப நீங்கள் ஏன் ஓடினீங்கள்?”

அப்பா யன்னல் பக்கம் திரும்பினார். தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாவம், நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். வில்லியே லே பெல் வரும்வரை அசையாமல் இருந்தேன். கை வலித்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார். இழுத்தால் எழும்பிவிடுவார் என்று இழுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தை நான் பதினாறு வயதோடு விட்டுவிட்டேன். சிக்காகோவைப் பற்றி எனக்குத் தெரிந்தது இன்றைக்கும் அந்த ஒரு பாடம்தான். விடியப்புறத்து முதல் ட்ரெயினில் ஒபீஸ் துப்பரவுக்குப் போகிற பெண்களோடு நானும் போய்வருகிறேன். எல்லோரும் நித்திரை. எனக்குத்தான் பயத்தில் கண் மூடாது. ஒவ்வொருவர் கையிலிருந்தும் பை மெல்ல மெல்ல நழுவி விழும். விழ விழ நான் எடுத்து அவர்கள் மடியில் வைத்துவிடுவேன். நித்திரையானவர்களின் கை எதையும் பிடித்துவைத்திருக்காது.