சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்

தம்பிக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல்லும் வரவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோருக்கும் அது தீராத கவலை. எனக்கு மட்டும், உண்மையைச் சொன்னால், அது ஒரு பதவி. அவன் பிரிட்ஜ் கதவைத் தட்டினால் யோகட் வேண்டும். என் சட்டையைப் பிடித்து இழுத்தால் பல்கனிக்குப் போகவேண்டும். கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தால் அழப்போகிறான். அம்மாவுக்கே சில நேரம் பிடிபடாது. "என்னவாம் அவருக்கு?" என்று என்னைத்தான் கேட்பார். நானும் பெரிய மனுஷி மாதிரி யோசித்து, "பிஸ்கட் வேணுமாம், ஆனா உடைஞ்ச பிஸ்கட் வேண்டாமாம்" என்று விளக்கம் கொடுப்பேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டுக் கவலை அந்த வீட்டோடு நிற்பதில்லை. லிஃப்டில் ஏறும்போது ஒரு காரணம் கிடைக்கும், இறங்கும்போது இன்னொன்று. ஆம்பிளைப் பிள்ளைகள் சுணங்கி, பிந்தித்தான் கதைப்பார்கள் என்றார் ஒருவர். கையில் ஃபோனைக் கொடுத்ததால் வந்த வினை என்றார் கீழ்வீட்டு அன்ரி. தாய் தமிழிலும், அயல்வீடு சிங்களத்திலும், நேசரிப் பள்ளிக்கு ஆயத்தம் என்று தகப்பன் இங்கிலிஷிலும் கதைத்தால் பிள்ளை எதைத்தான் பிடிக்கும் என்றார் மேல்மாடி ரியூஷன் மாஸ்டர். அன்றோடு அப்பா இங்கிலிஷை விட்டார். அடுத்த கிழமை அம்மா தம்பியை அயல்வீட்டுக்கு அனுப்புவதை விட்டார். வசம்பை உரைத்து நாக்கில் தடவியும் பார்த்தார்கள். தம்பி முகத்தைச் சுளித்தானே தவிர, அதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம். நாங்கள் சைவக்காரர், வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் காரியம் பெரிதென்றால் கொழும்பில் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போகவேண்டும். அதில் யாரும் சமயம் பார்ப்பதில்லை. அம்மா வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, அந்தக் கையால் தம்பியின் வாயைத் தொடுவார். பிறகு கொஞ்சம் தயங்கி, காதையும் தொடுவார். கதை சுணங்கினால் காத்திருக்கலாம், காதே கேட்காவிட்டால் என்ன செய்கிறது என்று அவர் அப்பாவிடம் கேட்டது எனக்கும் கேட்டிருந்தது.

அப்பா தன் பங்குக்குப் பரிசோதனை நடத்துவார். தம்பியின் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரிப் போய், சில்வர்த் தட்டில் கரண்டியால் அடிப்பார். சில நாள் தம்பி திரும்புவான். சில நாள் சுழலும் ஃபானைப் பார்த்தபடியே இருப்பான். திரும்பிய நாளில் வீட்டில் சிரிப்பு இருக்கும். திரும்பாத நாளில் அப்பா கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போய்விடுவார்.

கடற்கரையோரம் ரயில் போகும்போதெல்லாம் தம்பி பல்கனிக்கு ஓடுவான். "பாத்தியே, அவருக்குக் கேக்குது" என்று அம்மா ஒவ்வொரு ரயிலுக்கும் சந்தோஷப்படுவார். ஒருநாள் என் கெட்டித்தனத்தைக் காட்ட நினைத்து, "சத்தத்துக்கு இல்லையம்மா, நிலம் அதிருறதுக்குத்தான் ஓடுறான்" என்றேன். அம்மா எனக்கு அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தடுப்பூசி போடப்போன இடத்தில் டொக்டர் முதலில் காதைச் சோதிக்கச் சொல்லியிருந்தார். அதற்குப் போகாமல் இருக்க அம்மாவுக்குக் கிழமைக்கொரு நியாயம் கிடைத்தது. ஒரு கிழமை மழை, ஒரு கிழமை தம்பிக்குத் தடிமன் காய்ச்சல், ஒரு கிழமை எனக்குத் தவணைப் பரீட்சை. என்னுடைய பரீட்சையில் அம்மா அவ்வளவு அக்கறை காட்டியது அந்த ஒருமுறைதான்.

அம்மாவின் அண்ணா, என் மாமா, ரொறன்ரோவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருட்டுப்படுகிற நேரத்தில் அவருடைய வீடியோ கோல் வரும். அங்கே அப்போது காலை. அவருக்கும் ஒரு மகன். அவனும் தம்பியும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். "எங்க மருமகன்? காட்டுங்கோவன்" என்று அம்மா எப்போது கேட்டாலும், "இப்பதான் நித்திரையானவன்" என்பார் மாமா. விடிந்து இவ்வளவு நேரமாகியும் ரொறன்ரோவில் பிள்ளைகளை யாரும் எழுப்ப மாட்டார்கள் போல என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். உடனே மாமா பேச்சை மாற்றுவார். "அது கிடக்கட்டும், இவன் கதைக்கிறானோ?"

அம்மா ஃபோனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, தம்பியை மடியில் இருத்துவார். "மாமா சொல்லுங்கோ. மா... மா..." தம்பி ஃபானைப் பார்ப்பான். ஒரு ஞாயிறு இந்தக் கூத்து நடக்கும்போது நான் சோபாவுக்குப் பின்னால் விழுந்த பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா கெஞ்சிக்கொண்டே இருந்தார். கேட்கச் சகிக்காமல், அவனுக்காகக் கதைத்துப் பழகின வாய்தானே, நான் சொல்லிவிட்டேன். அவனுக்கு ஒரு குரல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்திருந்தேனோ அப்படி ஒரு சின்னக் குரலில், "மாமா."

"கதைச்சிட்டான்! முதல் சொல்லே என்ரை பேர்!" மாமா அங்கே கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அம்மா திருத்துவதற்காக வாயைத் திறந்தார். பிறகு திறந்த வாயை மூடினார்.

அடுத்த ஞாயிறு கோல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "உன்ரை பென்சில் ஒண்டும் பின்னால விழேல்லையோ?" என்று கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. போய்க் குந்தினேன்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அம்மா குதிக்காலால் சோபாவில் தட்டினால் நான் சொல்லவேண்டும். "மாமா", "மாமி", "தா". ஒருதடவை தம்பியின் வாய் முழுக்க வாழைப்பழம் இருக்கும்போது அவன் மிகத் தெளிவாக "மாமி" என்றான். "லைன் சரியில்லை" என்று அம்மா ஃபோனை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அப்பாவுக்கு இந்த நாடகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கோல் வந்ததும் பல்கனிக்குப் போய்விடுவார். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் அம்மாவின் முகம் வேறாக இருக்கும். கதைக்கிற பிள்ளையின் தாயாக அவர் இருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். ஃபோனை வைத்ததும் தம்பியை நெஞ்சோடு அணைத்து, அவன் திமிறத் திமிற வைத்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். என்ன பயம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

நல்ல நடிகைக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருவது வழக்கம். எனக்கும் வந்தது. ஒரு ஞாயிறு குதிக்கால் தட்டுவதற்கு முன்னமே, "மாமா, எப்ப வாறீங்கள்? சொக்லேட் கொண்டு வாங்கோ!" என்று முழுசாகச் சொல்லிவிட்டேன். அம்மாவின் கை பின்னால் வந்து என்னைத் தேடிக் கிள்ளியது. மாமா சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. சோபாவின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். மாமா திரையைப் பார்த்தபடியே இருந்தார். "நல்லாக் கதைக்கிறான்" என்றார், மெதுவாக. பிறகு முகத்தை அங்கால் பக்கம் திருப்பி, "லைன் வெட்டுது போல" என்று வைத்துவிட்டார். லைன் அன்றைக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரத்தில், மாமா மறுபடியும் எடுத்தார். வீடியோ இல்லை, வெறும் கோல். அம்மாவின் கை இரண்டும் புட்டு மாவுக்குள் இருந்ததால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தங்கச்சி, நீங்கள் அவனுக்கு என்ன செய்தனீங்கள்?"

"என்னத்துக்கு அண்ணா?"

"கதைக்க வைக்க. ஆரிட்டைக் காட்டினனீங்கள்? மருந்தோ, நேர்த்திக்கடனோ? சொல்லன், நானும் செய்யிறன். எங்கட ஆளுக்கு இன்னும் ஒரு சொல்லும் வரேல்லை. நித்திரை, நித்திரை எண்டு உனக்குச் சொன்னதெல்லாம் பொய்." பிறகு ஏதோ சொல்ல வந்தார், குரல் உடைந்துவிட்டது. பெரிய ஆம்பிளைகள் அழுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்மாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. வசம்பு என்று சொல்லியிருக்கலாம், அந்தோனியார் என்று சொல்லியிருக்கலாம், மாமா நம்பியிருப்பார். அம்மா என்னைப் பார்த்தார். பழி என் தலையில்தான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"அண்ணா, அது அவன் இல்லை. மூத்தவள் சோபாவுக்குப் பின்னால இருந்து சொன்னவள். நான்தான் சொல்ல வைச்சனான். என்ரை பிள்ளையும் இன்னும் கதைக்கேல்லை."

கோல் அறுந்துவிட்டதோ என்று நான் ஃபோனைப் பார்த்தேன். பிறகு மாமா கேட்டார்.

"காது பாத்தனியோ?"

"இல்லை அண்ணா. பயமாக் கிடக்கு."

"நாங்களும் பாக்கேல்லை. அதே பயம்தான்." மாமா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இந்தக் கிழமை நீ கூட்டிக்கொண்டு போ. நானும் இஞ்ச கூட்டிக்கொண்டு போறன். என்னெண்டாலும் தெரியட்டும்."

அன்றைய புட்டு கட்டி கட்டியாக இருந்தது. அப்பா அதை உதிர்த்து உதிர்த்துச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் தம்பியை ஒரு சின்ன அறைக்குள் கொண்டுபோனார்கள். அம்மாவும் உள்ளே போனார். அப்பாவும் நானும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு நொந்தது. கதவு திறந்தபோது அம்மா அழுதுகொண்டு வந்தார். அப்பா எழும்பவே இல்லை. "கேக்குதாம்" என்றார் அம்மா. "நல்லாக் கேக்குதாம்." அப்படியென்றால் ஏன் கதைக்கிறான் இல்லை என்ற பழைய பயம், வீடு திரும்புமுன்னமே அவர் முகத்துக்கு வந்துவிட்டது.

பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். அவர் சிங்களப் பெண், தமிழும் ஓரளவு கதைப்பார். ஒரு கையில் பந்து, மறு கையில் கார், இரண்டையும் தன் முகத்தருகே பிடித்துக்கொண்டு தம்பிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். "மல்லிக்கு எது வேணும்?" சிங்களத்தில் தம்பி மல்லி, தங்கச்சி நங்கி.

"கார்" என்றேன் நான்.

மிஸ் சிரித்தார். "நங்கி, நீங்க சொல்ல வேணாம். மல்லி சொல்லுவாரா பாப்பம்."

தம்பி வழக்கம்போல என்னைப் பார்த்தான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவன் முகத்தில் கலவரம் வந்தது. கீழுதடு பிதுங்கியது. சொல்லிவிடலாம் போல இருந்தது, வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். மிஸ் அவசரப்படவே இல்லை. கடைசியில் அவன் காரைக் கையால் காட்டி, "க்" என்றான். அவ்வளவுதான். மிஸ் ஒரு பெரிய பேச்சைக் கேட்டவர் மாதிரி, "கார்! கார் வேணும்!" என்று அதை அவன் கையில் கொடுத்தார்.

அம்மாவிடம் அவர் சொன்னவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். முகத்துக்கு நேரே இருந்து கதையுங்கள், கேட்டுவிட்டுக் காத்திருங்கள், வீட்டுத் தமிழை விடவேண்டாம், மூன்று பாஷையால் இது வரவில்லை. "எப்ப கதைப்பார், மிஸ்?" என்று அம்மா கேட்டார். "அது சொல்ல ஏலாது. ஆனா கூட்டி வந்தது நல்லம்" என்றார் மிஸ்.

தம்பி பிறகு கதைத்தான். இப்போது அவனை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சவேண்டியிருக்கிறது. மாமாவின் மகனுக்கும் காது கேட்டது, ஆனால் கதைக்க இன்னும் நெடுங்காலம் எடுத்தது. இன்றும் அளந்துதான் கதைப்பான். ஆனால் அதெல்லாம் பிறகு. எனக்கு மறக்காமல் இருப்பது காது சோதித்த அந்தக் கிழமை வந்த ஞாயிறுதான்.

அன்று மாமா மகனை மடியில் வைத்துக்கொண்டு திரையில் வந்தார். முதல்முறையாக அவன் முழித்திருந்தான். அம்மாவும் தம்பியை மடியில் இருத்தினார். ஒருவரும் யாரையும் "சொல்லு" என்று கேட்கவில்லை. ரொறன்ரோக்காரன் ஒரு கரண்டியை நக்கிக்கொண்டிருந்தான். தம்பி ஃபானை விட்டுவிட்டு, கையை நீட்டித் திரையில் அந்தக் கரண்டியைத் தொட்டான். அப்பாகூட பல்கனியிலிருந்து உள்ளே வந்து நின்றார். நான் சோபாவின் ஓரத்தில் அம்மாவின் குதிக்காலைப் பார்த்தபடி காத்திருந்தேன். அது அசையவில்லை. அம்மா சிரித்தார், மாமாவும் சிரித்தார், இரண்டு பேருடைய கண்ணிலிருந்தும் நீர் ஓடியது. ஒரு பிள்ளை கதைக்கவில்லை என்று மாதக்கணக்காக அழுத அம்மா, இரண்டு பிள்ளைகள் கதைக்காமல் இருப்பதைப் பார்த்து ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. கோபம்தான் வந்தது. நானாகவே சோபாவுக்குப் பின்னால் போய், விழாத பென்சிலைத் தேடத் தொடங்கினேன்.