பிள்ளை பெற்ற வீட்டில் சுறா

எனக்குச் சுறா பிடிக்கும் என்றால் தாம்பரத்தில் எல்லாரும் கேட்பது, "புட்டா, குழம்பா?" எனக்குப் பிடித்ததோ உயிரோடு நீந்துகிற சுறா. ஃபோன் திரையில் சுறா, தலையணை உறையில் சுறா, ஸ்கூட்டி சாவிக்கொத்தில் சூரியமீன். சூரியமீன் தெரியாதவர்களுக்கு: சாப்பாட்டு மேஜை அளவுக்குத் தட்டையான உடம்பு, வால் வைக்க மறந்துபோன பின்பக்கம், எப்போதும் லேசாகப் பிளந்த வாய், உலகத்தில் எதிலும் அக்கறையில்லாத முகம். முதல்முறை வீடியோவில் பார்த்தபோதே இது நம்ம ஆள் என்று முடிவு செய்துவிட்டேன்.

பிரசவத்துக்கு மாடம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்தபோதாவது நான் யோசித்திருக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுப்பது ஊர் வழக்கம். வேகவைத்துத் தோலுரித்து, உதிர்த்து, பூண்டைக் கொட்டி வதக்குவார்கள். எனக்கோ மகள் பிறந்து ஒரு வாரமாகியும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குழந்தையின் எடை குறைந்தது. டாக்டர் பவுடர் பால் எழுதிக்கொடுத்தார். ஒவ்வொரு முறை பாட்டிலைக் கையில் எடுக்கும்போதும் அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினார். "பால் சுறா கீது டீச்சர், எட்த்துக்கோ. நாளிக்கே பொண்ணுக்குப் பால் கொட்டும் பாரு."

அம்மா வாங்கிவிட்டார். நான் சாப்பிட மாட்டேன் என்றேன்.

"ஏண்டி?"

"சுறா அதோட குட்டிக்கே பால் குடுக்காதும்மா. பெத்துப் போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிடும். அது எனக்கு எங்கிருந்து பால் தரும்?"

நல்ல வாதம்தான். ஆனால் அம்மா பள்ளியில் எடுத்தது கணக்கு.

சபையிலிருந்து ஜெபிக்க வந்த ஆண்ட்டிகள் கையில் பைபிளோடு ஆளுக்கொரு டப்பாவும் இருந்தது. ஸ்தோத்திரம் சொல்லும் முன்பே, "பால் இருக்கா?" என்றார்கள். எல்லா டப்பாவிலும் சுறா. சாயங்காலம் பள்ளிக்கரணையிலிருந்து வரும் என் கணவர் உட்கார்ந்து அத்தனையையும் காலி செய்வார். அந்த மாதம் எங்கள் குடும்பத்தில் போஷாக்காக இருந்த தாய் அவர் ஒருவர்தான்.

எனக்குச் சூரியமீன் மேல் பொறாமை வந்தது. அது கோடிக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். அத்தனை கோடிக்கும் சேர்த்து ஒரு ஆண்ட்டிகூட அதைத் தேடி வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு ஆண்ட்டி வந்தபோது நான் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், நான் தொடாத டப்பாவைப் பார்த்தார்.

"மீன் மேல இருக்கற பாசத்துல பாதி பெத்த புள்ள மேல இருந்தா, இந்நேரம் சாப்ட்ருப்பா" என்றார் அம்மாவிடம்.

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. போதும், தோற்றுவிட்டேன் என்று தோன்றியது. குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு டப்பாவை இழுத்துத் திறந்தேன். கடலில் இருக்கிற அத்தனை சுறாவிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு ஒரு கை அள்ளினேன்.

அம்மா டப்பாவைப் பிடுங்கினார்.

"விடு. இவள பெத்தப்ப எங்கம்மா எனக்கு மூணு வேளையும் இதத்தான் போட்டாங்க. வேர்வைகூடச் சுறா நாத்தம். ஒரு சொட்டுப் பால் வரல. இவ முழுக்க முழுக்க டின் பால்ல வளந்தவ" என்றார் ஆண்ட்டியிடம். "யாராவது பாத்துடுவாங்கன்னு கதவச் சாத்திக்கிட்டுக் கலக்குவேன்."

"சொல்லவே இல்லயே டீச்சர்!"

எனக்கும்தான் சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை இல்லை.

"அப்புறம் எனக்கு ஏம்மா வாங்கின?"

அம்மா முந்தானையால் என் கையில் ஒட்டியிருந்த புட்டைத் துடைத்தார்.

"உனக்காவது வரட்டுமேன்னுதான்டி."

பிறகு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, சர்ச் விட்டு ஜனங்கள் போய்க்கொண்டிருந்த தெருவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.