பல் மருத்துவமனையில் ஒரு பேய் பங்களா

என் நாத்தனாருக்குப் பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, முறை வந்ததும் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்தால் பேய் நாவல் எழுதுவாள். அதனால் எங்கள் வீட்டில் அவள் பெயரே பேய்க்காரிதான்.

எழுதிய நாவலைப் பதிப்பாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "முதல் பக்கத்துலயே தூக்கம் வருதும்மா. அதை மாத்திக் கொண்டா, இன்னொரு தடவை பாக்குறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றாராம்.

 அவள் கிடைத்த பேய் நாவல்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, முதல் பக்கத்தை மட்டும் படித்தாள். எதை எடுத்தாலும் மழை, பாழடைந்த மாளிகை, கதவைத் திறக்கும் கிழட்டு வேலைக்காரன். வாசகன் எந்த வரியில் மாட்டிக்கொள்கிறான் என்று கண்டுபிடித்தே தீருவேன் என்றாள்.

அவளுடைய முதல் பக்கத்திலும் அதே மழை, மாளிகை, வேலைக்காரன்தான். அதை அச்செடுத்து, காத்திருக்கும் நோயாளிகளிடம் கொடுத்தாள். கூப்பிட்டதும் எழுந்தால் தோல்வி, எழாவிட்டால் வெற்றி. ஒருவர்கூட எழவில்லை.

"அண்ணி, மழையிலயே விழுந்துட்டாங்க! எத்தனை தடவை கூப்பிட்டும் ஒருத்தர் தலைகூட நிமிரலை!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடியே, உள்ள ஒருத்தர் பல்லைப் புடுங்கக் குறடோட நிக்கிறாரு. அந்த நேரத்துல கரண்டு பில்லைக் குடுத்தாலும் உருகி உருகிப் படிப்பாங்க."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. பாவமாகத்தான் இருந்தது. அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா?

மறுநாள் யாருக்கும் காகிதம் கொடுக்காமல் நோயாளிகளையே கவனித்தாளாம். எல்லோருடைய கண்ணும் மூடிய கதவின்மேல்தான். உள்ளே மெஷின் கிர்ரென்றால் கால்களெல்லாம் நாற்காலிக்கு அடியில் போயின. சத்தம் நின்றாலோ இன்னும் மோசம், யாரும் மூச்சே விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் பக்கத்தில் பேனாவால் மழையை அடித்தாள், மாளிகையை அடித்தாள், வேலைக்காரனையும் ஒழித்துக்கட்டினாள். மிஞ்சியது ஒரு மூடிய கதவு, உள்ளே ஒரு சத்தம், தன் முறைக்காக வெளியே காத்திருக்கும் ஒரு பெண்.

இந்தத் தடவை புத்தியாக, மனைவிக்குத் துணையாக வந்த ஒருவரிடம் கொடுத்தாள். அவருக்குப் பல்லெல்லாம் நன்றாக இருந்தது, பயந்து காகிதத்துக்குள் ஒளிந்துகொள்ளக் காரணமில்லை.

மனைவி பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வெளியே வந்தார். கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கொஞ்சம் இரு, கதவு தொறக்கப் போகுது" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

அந்த அம்மாள் காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கினார். கிழிக்கத்தான் போகிறார் என்று பேய்க்காரி நடுங்கிப்போனாள். அவரோ அப்படியே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தார். முடித்ததும், பேச முடியாத வாயோடு, மிச்சம் எங்கே என்று பேய்க்காரியைப் பார்த்துக் கையை நீட்டினார்.