விலாவில் பட்ட பந்து

வடக்கனந்தல் பக்கத்து ஏரியில் தண்ணீர் வற்றிவிட்டால் அதுதான் எங்களுக்கு மைதானம். தனியாக அம்பயர் கிடையாது. மட்டை பிடிக்கிற அணியில் அவுட்டாகி உட்கார்ந்திருப்பவன் போய் நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் தன் அணிக்குச் சாதகமாகத்தான் சொல்வான். எதிரணி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, தங்கள் முறை வரும்போது அதையே செய்யும்.

அந்த அரையிறுதியில் தியாகதுருகத்துக்காரர்களுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் நான்கு ரன் வேண்டும். எங்களிடம் இருந்ததும் கடைசி விக்கெட், ஆடுவது நான். ஜெயித்தால் கள்ளக்குறிச்சி மைதானத்தில் இறுதி ஆட்டம். எங்களில் ஒருவனும் அதுவரை அங்கே ஆடியதில்லை. அம்பயராக நின்றவன் எங்கள் ஓப்பனர், கரும்பு வெட்டப் போகிறவன். அன்றைக்கு அவன் டக் அவுட்.

நேராக ஓங்கி அடித்தேன். கார்க் பந்து. அவன் விலகுவதற்குள் விலாவில் பட்டு எழும்பியது. மிட் ஆனில் நின்றவன் ஓடிவந்து பிடித்தான். அம்பயர் மேல் பட்டால் டெட் பால், மறுபடி போட வேண்டும் என்றுதான் இரண்டு அணிக்கும் நினைப்பு. பந்து வீசியவன் திரும்பி நடக்கவே தொடங்கிவிட்டான். பிடித்தவன் மட்டும் சும்மா ஒரு பேச்சுக்கு, “இன்னாங்க, அவுட்டா?” என்றான்.

விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். இடது கை விரலை உயர்த்தினான்.

நான் மட்டையை வீசியெறிந்தேன். “டேய், உம் மேலதானடா பட்டுச்சு! நீ நவுந்திருந்தா ஃபோரு!”

“ஃபோருதான். ஆனா எம் மேல பட்டுப் புடிச்சா அவுட்டு. ரூலு அப்டி. அவன் கேட்டுட்டான், நான் இன்னா பொய்யா சொல்றது?”

போனில் தேடிப் பார்த்தோம். அவன் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அவனால் கரும்பு வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியவில்லை என்பதே பிறகுதான் தெரிந்தது.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு தியாகதுருகம் கேப்டன் எனக்குப் போன் செய்தார். “ஃபைனலுக்கு உங்க ஆளு அம்பயரா நிக்கணுங்க. எங்களோட ஆடற டீமும் சரின்னுட்டாங்க.”

கள்ளக்குறிச்சியில் நாங்கள் பத்துப் பேர் எல்லைக் கயிற்றுக்கு வெளியே நின்றோம். உள்ளே எங்கள் அணியிலிருந்து அவன் ஒருவன்தான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். முதல் விக்கெட்டுக்கும் இடது கையைத்தான் தூக்கினான். வலப்பக்கம் இன்னும் வலித்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம், “எங்க ஓப்பனருங்க அது” என்று சொன்னேன்.